மாடி வீட்டுப் பால்

நம் ஊரை ரயில் தாண்டும்போது வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், கவனித்திருப்பீர்கள். நானும் என் வயதுக்காரிகளும் அதைப் பார்த்துச் சிரிப்போம். உப்புத் தடவிய பச்சைத் தோல், சுண்ணாம்புத் தொட்டி, அதில் ஊறி உதிர்ந்த மயிர், தோலிலிருந்து சுரண்டிப்போட்ட சவ்வும் கொழுப்பும், அதன்மேல் காக்காய்க் கூட்டம். இவ்வளவுக்கும் நடுவில் உட்கார்ந்து இட்லி தின்று வளர்ந்தவர்கள் நாம். வாணியம்பாடியில் பிறந்தவளுக்குக் குமட்ட வேண்டுமென்றால் வேறு ஏதாவது நடந்தாக வேண்டும். எனக்கு ஒன்பது வயதில், ஒரு ரமலான் மாதத்தில், எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அறுபதைத் தாண்டியும் அது என் தொண்டையை விட்டு இறங்கவில்லை. அதனால் உங்களிடம் சொல்லித் தொலைக்கிறேன்.

அத்தாவுக்குப் பாலாற்று ஓரமாக ஒரு தோல் ஷாப்பு இருந்தது. தோல் பதனிடும் இடத்தை நாம் ஷாப்பு என்றுதானே சொல்வோம். பதனிட்ட தோலுக்குச் சாயம் ஏற்ற அந்த வருஷம் ஹைதராபாத்திலிருந்து ஒரு கலர் மாஸ்டரை வரவழைத்திருந்தார். மாஸ்டர், அவர் மனைவி, என் வயதில் ஒரு மகள், கைக்குழந்தையாக ஒரு மகன். நால்வரும் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். மாஸ்டரின் பத்து நகங்களும் எந்நேரமும் பழுப்பாகவே இருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. ஒரு டிரம் தோலில் முதல் தோலுக்கும் கடைசித் தோலுக்கும் நிறம் இம்மியும் மாறாது என்று அத்தா போகிற வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். உருது பேசுகிற முஸ்லிம் குடும்பம், நல்ல வேலைக்காரர். அதற்குமேல் எங்கள் வீட்டில் யாரும் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

கீழ் வீட்டில் அத்தா, அம்மா, நான், குப்பி. குப்பி என்றால் அத்தாவின் அக்கா. புருஷன் போனபிறகு எங்களோடு வந்துவிட்டவள். தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளுச் செய்ய உட்கார்ந்தால் பாதித் தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். யார் எந்தக் கையால் எதைத் தொட்டார்கள் என்று நோட்டம் விடுவதே அவளுக்குப் பகல் முழுக்க வேலை. ஷாப்பிலிருந்து அத்தா ரத்தமும் உப்புமாக ஒட்டிய வேட்டியோடு வந்தால் அதை மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். அதில்தானே சோறு வந்தது.

ரமலான் பிறை பார்ப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் எனக்குத் தம்பி பிறந்தான். பிறந்த வாரத்திலேயே அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து, உள்ளே சீழ் கோத்துக்கொண்டது. லேடி டாக்டர் வந்து கீறிவிட்டு, சீழ் நிற்கிறவரை குழந்தைக்குப் பால் கொடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். அனல் பறக்கிற காய்ச்சல். தம்பிக்கு டின் பால் கரைத்துக் கொடுத்தால் வாந்தி, பசும்பாலைத் தண்ணீர் விட்டுக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு. பாலாடையின் மூக்கை வாயில் வைத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிடுவான்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் மாஸ்டர் மனைவி இறங்கி வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தம்பியை வாங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அம்மா அழுதாள். குப்பி அவள் தலையைத் தடவிக்கொடுத்து, உன் வயிறு குளிரட்டும் என்று துஆச் செய்தாள். குப்பிதான், அதே குப்பிதான்.

அன்று முதல் வலது பக்கம் தம்பிக்கு, இடது பக்கம் தன் பிள்ளைக்கு என்று அவள் பங்கு பிரித்துக்கொண்டாள். பகலில் நாலைந்து தரம் வருவாள், விடியற்காலை சஹர் சாப்பாட்டுக்கு எழும்போதும் வருவாள். பத்து நாளில் தம்பிக்குக் கன்னம் வைத்துவிட்டது. அவன் வேறு எதையும் வாயில் வைக்கவில்லை.

பாதி ரமலானில் எனக்கு முதல் நோன்பு. நம் வீடுகளில் அது ஒரு சின்னக் கல்யாணம் மாதிரி, உங்களுக்குத் தெரியும். புதுப் பாவாடை, தலைக்குப் பூச்சரம். மாஸ்டர் மகளும் அன்றைக்கே நோன்பு பிடித்தாள். எனக்கு அது விளையாட்டு. நம் முறையில் அந்த வயதுக்குக் கடமை இல்லை. அவர்கள் முறையில் ஒன்பது முடிந்த பெண்ணுக்கு நோன்பு கடமை என்பது எனக்கு அப்போது தெரியாது. அவள் நாக்கு வறண்டு போய், வெயில் நேரத்தில் படிக்கட்டில் சுருண்டு படுத்திருந்தாள். நான் என்னவோ குளிக்கிற சாக்கில் ரெண்டு வாய் தண்ணீர் குடித்திருந்தேன்.

சாயங்காலம் கூடத்தில் பாய் விரித்து நோன்புக் கஞ்சி, வடை, பேரீச்சம்பழம் எல்லாம் வைத்தார்கள். பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற சங்கு ஊதியதும் நான் பாய்ந்து அள்ளிப் போட்டுக்கொண்டேன். மாஸ்டர் மகள் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கிழக்கே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கஞ்சியின் ஆவி அவள் முகத்தில் அடித்தது. அவள் தொடவில்லை.

“இன்னாடி, தின்னு. சங்கு ஊதிட்டாங்கல்ல” என்றாள் குப்பி.

“இன்னும் ராத்திரி ஆகல குப்பி. கிழக்கால செவப்பு போனப்புறந்தான் எங்க வீட்ல நோன்பு தெறப்போம்.”

அவர்கள் சாப்பிடும்போது நீயும் சாப்பிட்டுவிடு என்று அவள் அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாளாம். பின்னால் அவளே சொன்னாள். ஆனால் முதல் நோன்பு, பகலெல்லாம் தாகத்தில் கிடந்து பிடித்த நோன்பு. கடைசி நிமிஷத்தில் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. எனக்கு அது அன்றைக்கே புரிந்தது. குப்பிக்குப் புரிந்தது வேறு. மாஸ்டர் ஏன் ரமலான் ராத்திரிகளில் தராவீஹ் தொழப் பள்ளிவாசலுக்கு வருவதில்லை, ஏன் மாடியிலேயே தொழுதுகொள்கிறார், ஏன் அந்தப் பெண் கையைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுகிறாள், எல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

“நீங்க ஷியாவா?” என்று கேட்டாள். அந்தப் பைத்தியக்காரப் பெண் பெருமையாகத் தலையாட்டினாள்.

குப்பி எழுந்த வேகத்தில் கஞ்சிக் கோப்பை உருண்டது. நேராக உள்ளே போனாள். சற்று முன்தான் பால் குடித்துவிட்டு அம்மா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியைத் தூக்கிக் கவிழ்த்து, வாய்க்குள் விரலை விட்டாள். அவன் உடம்பு துள்ளியது. திரிந்த பால் அவள் உள்ளங்கையில் கொட்டியது. மறுபடி விட்டாள். மறுபடியும் கொஞ்சம் வந்தது. அம்மா படுக்கையிலிருந்து கத்திய கத்தல் இப்போதும் என் காதில் இருக்கிறது. மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி அவன் நாக்கைத் துணியால் தேய்த்தாள் குப்பி. பிறகு கையைக் கழுவிக்கொண்டு அந்தி மக்ரிப் தொழ நின்றாள்.

சீ! ஒரு பச்சைப் பிள்ளையின் தொண்டையில் விரலை விட்டு, அது குடித்த பாலைத் தோண்டி எடுத்த கையை அப்படியே நெஞ்சில் கட்டிக்கொண்டு அல்லாவின் முன்னால் நிற்க ஒரு மனுஷிக்கு முடிந்தது. எனக்கு அன்று முதல் முறையாகக் குமட்டியது. முற்றத்துக்கு ஓடிப்போய் என் முதல் நோன்பு திறந்த கஞ்சி முழுவதையும் வாந்தி எடுத்தேன்.

மாடிக்கும் கீழுக்கும் இனிப் போக்குவரத்து இல்லை என்று குப்பி சொல்லிவிட்டாள். தம்பிக்கு மறுபடி பாலாடை, மறுபடி வீறல். அடுத்த நாள் மத்தியானம், குப்பி தூங்கிய நேரத்தில் நான் மாடிக்குப் போனேன். மாஸ்டர் மனைவி மாடிக் குழாயடியில் உட்கார்ந்து தன் வலது மார்பைப் பிழிந்து தரையில் விட்டுக்கொண்டிருந்தாள். பால் கட்டிக்கொண்டு கல்லாக இருந்ததாம், வலி தாங்கவில்லையாம். கீழே தம்பி அழ அழ, பிழியாமலேயே அவள் ஜம்பர் நனைந்தது. அந்தப் பால் தகரக் குழாய் வழியாக இறங்கி, ஷாப்புகளின் நீலத் தண்ணீர் ஓடுகிற தெருச் சாக்கடையில் கலந்தது. பிள்ளை கீழே பட்டினி, பால் சாக்கடையில். இதற்குப் பெயர் மார்க்கமாம்.

நானும் மாஸ்டர் மகளும் படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டோம். சுன்னியான எங்களுக்கும் ஷியாவான உங்களுக்கும் அப்படி என்னதான் வித்தியாசம் என்று கேட்டேன். மதரஸாவில், எதையெல்லாம் நம்ப வேண்டும் என்கிற ஈமானுடைய கடமைகள் ஆறு என்று எங்களுக்குப் பாடம், நான் ராகமாக ஒப்பித்தேன். அவளுக்கு ஐந்து. அல்லா ஒருவன், அது ரெண்டு பேருக்கும் உண்டு. நபிமார்கள், மறுமை நாள், அதுவும் உண்டு. வானவர்களான மலக்குகளும் வேதங்களும் எங்கே என்று கேட்டேன். அதெல்லாம் நம்புவோம், தனியாக எண்ணமாட்டோம் என்றாள். அல்லா நீதமானவன் என்று அவள் தனியாக எண்ணினாள். அதில் எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. விதி விஷயத்தில் இருவருமே குழம்பி விட்டுவிட்டோம். கடைசியில் நின்றது ஒன்றுதான். நபிக்குப் பிறகு யார் என்று கேட்டதற்கு அவள் அலி என்றாள். அவர் வழியில் பன்னிரண்டு இமாம்கள், கடைசி இமாம் மறைந்திருக்கிறார், திரும்பி வருவார் என்றாள். நான் நாலு கலீபாக்களைச் சொன்னேன். நாலாவது பெயர் வந்ததும் அவள் என் தொடையில் தட்டினாள்.

“அலி உங்களுக்கும் இருக்காரா?”

“இருக்காரே. நாலாவதா.”

எங்களுக்கு முதலாவது என்றாள் அவள். இதற்காகவா என் தம்பியின் வாயில் விரலை விட்டார்கள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் உள்ளே போய், தொழும்போது நெற்றி வைக்கிற களிமண் வில்லையைக் கொண்டுவந்து காட்டினாள். இமாம் ஹுசைன் மடிந்த கர்பலா மண்ணாம். உள்ளங்கையில் அடங்குகிற வட்டம், நெற்றி பட்ட இடம் வழவழவென்று இருந்தது. மோந்து பார்த்தேன். நம் ஊர் மண்ணைப் போல உப்பும் சுண்ணாம்பும் நாறாமல், புது மழைக்கு வருமே, அந்த வாசனை வந்தது.

அத்தா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அத்தா பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்தை நோன்பு திறக்க வீட்டுக்கு அழைத்துவந்தார். நாங்கள் திரைக்குப் பின்னால் நின்றோம். ஷியாப் பெண்ணின் பால் குடித்த பிள்ளைக்கு என்ன சட்டம் என்று அத்தா தயங்கித் தயங்கிக் கேட்டார். ஹஜ்ரத்துக்குச் சட்டம் தெரியும், அதைக் குறை சொல்லமாட்டேன். நம் மத்ஹபில், நம் சட்ட வழியில், எத்தனை தரம் குடித்தான் என்ற எண்ணிக்கையே கிடையாது, ஒரு மிடறு வயிற்றுக்குப் போயிருந்தாலும் அவள் அவனுக்குத் தாய், அவள் பிள்ளைகள் அவனுக்கு உடன்பிறந்தவர்கள், வாந்தி எடுக்க வைத்தால் அந்த உறவு அறுந்துபோகாது என்று தெளிவாகச் சொன்னார். அவர்கள் முறை இன்னும் கண்டிப்பாம், ஒரு ராத்திரியும் பகலும் வேறு எதுவும் கலக்காமல் அவள் பாலையே குடித்திருந்தால்தான் தாய் என்பார்களாம். தம்பிதான் பத்து நாளாக வேறு எதையும் தொடவில்லையே. எந்த வழியில் பார்த்தாலும் அவன் அவள் பிள்ளைதான்.

அப்படியானால் இனியும் கொடுக்கலாமா என்று அத்தா கேட்டார். ஹஜ்ரத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா ஜமாத்துல பேச்சு வரும். பாத்து நடந்துக்குங்க” என்றார். தட்டிலிருந்த வடையை முடித்துவிட்டு எழுந்து போனார். அத்தா அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஷாப்புக்குக் கிளம்பினார். ஒரு ஆம்பிளைக்காவது மாடியைப் பார்த்து ஒரு குரல் கொடுக்க வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் தம்பி அழவில்லை. அதுதான் அம்மாவைப் பயமுறுத்தியது. உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினான், சத்தம் வரவில்லை. சாயங்கால அஸர் தொழுகை நேரம், குப்பி கூடத்தில் தொழுதுகொண்டிருந்தாள். அம்மா எழுந்து நின்றாள். பிரசவித்து நாற்பது கழியாதவள், மார்புக் கட்டுத் துணியில் சீழும் ரத்தமும். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு குப்பியின் முசல்லாவை, அந்தத் தொழுகைப் பாயைத் தாண்டி நடந்தாள். தொழுகையை முறிக்க முடியாத குப்பி “அல்லாஹு அக்பர்” என்று வீடு அதிரச் சத்தம் போட்டாள். அம்மா நிற்கவில்லை.

படியெல்லாம் ஏறி முடிப்பதற்குள் அம்மாவுக்கு மூன்று தரம் கண் இருட்டியது. மாஸ்டர் மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா பிள்ளையை நீட்டினாள். “எடுத்துக்கோம்மா. பொழச்சா உம்புள்ள” என்றாள்.

அவனுக்குச் சப்பக்கூடத் தெம்பில்லை. காம்பு வாயிலிருந்து நழுவி நழுவி வந்தது. அவள் பாலைத் தன் விரலில் தொட்டு அவன் நாக்கில் தடவினாள், தடவிக்கொண்டே இருந்தாள். உதட்டில் ஓடிய அவள் துஆவில் அலியின் பெயரும் வந்தது, ஹுசைனின் பெயரும் வந்தது. அம்மா அதற்கெல்லாம் ஆமீன் சொன்னாள். வெகுநேரம் கழித்து அவன் ஒரு மிடறு விழுங்கினான். அப்புறம் இன்னொன்று.

அதற்குள் குப்பி படிக்கட்டின் கீழே வந்து நின்றாள். முதல் படியில் காலை வைக்கவில்லை, தீட்டாகிவிடும் போல. இறங்கி வாடி, இந்த வீட்டு மானம் போகுது என்றாள். அம்மா மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“மறுமையில அல்லா கேப்பான்ல, நான் பதில் சொல்லிக்கறேன். நடுவுல நீங்க வராதீங்க அக்கா.”

அம்மா வாழ்நாளில் குப்பியிடம் எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தரம்தான். நோன்புப் பெருநாள்வரை அவளும் தம்பியும் மாடியிலேயே இருந்தார்கள்.

குப்பி சும்மா இருப்பாளா? தெருவுக்குச் சொன்னாள், ஜமாத்துக்குச் சொன்னாள். பெருநாள் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி, அத்தாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அத்தா மாஸ்டரை வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அதோடு விட்டாரா? டிரம்மில் இருக்கிற சரக்குக்குக் கலர் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். மாஸ்டர் முடித்துக் கொடுத்தார். ஷியாவின் கைபட்ட அந்தத் தோலெல்லாம் ஒரு குறையும் இல்லாமல் கப்பலேறிப் போனது. அதை யாரும் கழுவி ஊற்றவில்லை. கிளம்புகிற அன்று ஜட்கா வாசலில் நிற்க, மாஸ்டர் மனைவி உள்ளே வந்து கடைசியாக ஒரு தரம் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குள் அம்மாவுக்குப் புண் ஆறி, ஒரு பக்கம் பால் ஊற ஆரம்பித்திருந்தது.

மாஸ்டர் மகளும் நானும் தொடர்பு விடவில்லை. அவள் மூலமாகத்தான் மாஸ்டர் தவறிப்போனது தெரியும், அவள் புருஷன் தவறிப்போனதும் தெரியும். தம்பிக்கு விவரம் தெரிந்த வயதிலேயே அம்மா எல்லாவற்றையும் உட்காரவைத்துச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். இன்றைக்கு அவன் பெரிய ஏற்றுமதிக்காரன், பள்ளிவாசல் கமிட்டியில் ஆள், வெள்ளிக்கிழமை முதல் வரிசையில் நிற்கிறவன்.

போன வருஷம் மாஸ்டர் மகள் போன் செய்தாள். அவள் அம்மா, அவள் வாயில் அம்மி, இன்றோ நாளையோ என்று இருக்கிறாள், முடிந்தால் தம்பியைக் கூட்டிக்கொண்டு வா என்றாள். அம்மி பெற்ற மகன் வெளிநாட்டில், டிக்கெட் கிடைக்கவில்லையாம். பெண்ணின் மையத்தை, செத்த உடம்பை, குழியில் இறக்கப் புருஷனோ மகனோ, அவளைத் தொட்டுத் தூக்க முறையுள்ள மஹ்ரமான ஆம்பிளை வேண்டும். பால் குடித்த மகனும் மகன்தான். இரண்டு முறையிலும் மகன்தான். தம்பி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே, இந்த வாரம் வெளிநாட்டுலேர்ந்து சரக்கு வாங்குற பையருங்க வர்றாங்க அக்கா என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, அங்கெல்லாம் போனா நாளைக்குக் கமிட்டியில கேள்வி வரும் என்றான். அவன் அத்தாவின் மகன் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

நான் தனியாக ஹைதராபாத் போனேன். போய்ச் சேருவதற்குள் அவள் மௌத்தாகியிருந்தாள். மையத்தை எடுக்காமல் எனக்காக, இல்லை, என்னோடு வருகிறவனுக்காக வைத்திருந்தார்கள். நான் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் மாஸ்டர் மகள் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள். ஜுரம், வரமுடியவில்லை என்றேன். வாய் கூசியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெண்களோடு நானும் தள்ளி நின்று பார்த்தேன். அக்கம்பக்கத்து ஆம்பிளைகள் நாலு பேர், வேறு வழியில்லாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளைக் குழியில் இறக்கினார்கள்.

அன்று அந்த வீட்டில் எனக்குச் சோறும் பருப்பும் போட்டார்கள். மாஸ்டர் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, போதுமா, போதுமா என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள். ஊர் திரும்பிய மறுநாள் தம்பி போன் செய்தான். அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கப்போகிறான் என்று நானும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

“அக்கா, அங்க அவங்க வீட்ல எதுவும் சாப்டலியே?”

“சாப்ட்டேன்டா. நீ சாப்ட்ட வீடுதானே” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.